இரண்டாம் டிவிஷனுக்கு ஒரு பின்வாசல்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேன் டீச்சர். இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஸ்பெயின் எந்தப் பக்கம் என்று கேட்டால் கடலைக் கைகாட்டுவேன். எங்கள் ஊரில் எது எங்கே என்று கேட்டாலும் கடலைத்தான் கைகாட்டுவோம். ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த நீங்கள் கேட்டுவிட்டீர்கள், எதற்கு இரண்டு சாவியைக் கைக்குட்டையில் முடிந்து இப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள் என்று. சொல்லாமல் இருந்தால் திருட்டுச் சாவி என்று நினைப்பீர்கள். சொன்னால் பைத்தியம் என்று நினைப்பீர்கள். பைத்தியம் தேவலை.

டீச்சர் இல்லையா? பேங்கா? பரவாயில்லை, கண்ணாடியைப் பார்த்ததும் டீச்சர் என்று வந்துவிட்டது. இனி மாற்றினால் எனக்குக் கதையே குழம்பிவிடும்.

சாவி என் வீட்டுச் சாவிதான். இரண்டும் ஒரே வீடு. இந்தப் பக்கம் ஒரு வாசல், அந்தப் பக்கம் ஒரு வாசல். எது முன்வாசல், எது பின்வாசல் என்று தீர்மானிக்கத்தான் இன்று சாயங்காலம் பூசை முடிந்து ஊரே கூடுகிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் மைதானத்திலிருந்து தொடங்க வேண்டும். இல்லை, தேரிலிருந்து. தேர்தான்.

எங்கள் ஊர் முத்தன்துறை. கோவில் ராயப்பருக்கு, பேதுரு என்பார்களே, அவருக்கு. ஜூன் கடைசியில் திருவிழா, தேர் ஏழு தெருவும் சுற்றும். குருசடித் தெருவில் எங்கள் வீட்டு வாசலில் மட்டும் தேர் நிற்கும். மூன்று 'அருள்நிறைந்த மரியே' மந்திரம் சொல்லி முடிக்கும்வரை நிற்கும். என் மாமனாருடைய அப்பா தன் பழைய மீன்பிடி வள்ளத்தை அறுத்துத் தேருக்கு அச்சு கொடுத்தவர், அந்த மரியாதை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்த நேரத்தில் மெழுகுவர்த்தியோடு வாசலில் நிற்பது நான். பள்ளிக்கூடத்தில் நான் ஒரு சோப்பு டப்பாகூடப் பரிசு வாங்கியதில்லை. மாதர் சங்கத்தில் என்னைக் கோலப்பொடி வாங்கக்கூட அனுப்ப மாட்டார்கள், வழியில் பயந்துவிடுவேன் என்று. ஆனால் வருஷத்தில் ஒரு தடவை, மூன்று மந்திர நேரம், ராயப்பர் ஊரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து நிற்பார். எனக்கு இருப்பது அது ஒன்றுதான் டீச்சர்.

அதையும் பிடுங்கப் பார்ப்பவள் கிளாடிஸ். என் வீட்டுக்காரருடைய தங்கை. எங்கள் வீட்டுப் பின்சுவர் கிணற்றடித் தெருவில் இருக்கிறது, அந்தச் சுவருக்கு நேர் எதிரே அவள் வாசல். வருஷம் தவறாமல் கேட்பாள்: "மைனி, அந்த வள்ளம் எனக்கும் தாத்தா வள்ளந்தானே? நீங்க கட்டிக்கிட்டு வந்த வழியில அவரு தாத்தா. எனக்கு ரத்தத்துல தாத்தா. பின்ன தேரு எங்க வாசல்ல ஏன் நிக்கல்ல?"

இப்படி ஒரு கேள்வி கேட்கலாமா? தலையை ஆட்டாதீர்கள் டீச்சர். நியாயம் மாதிரிதான் இருக்கும். அவள் கேட்கிற விதம் அப்படி.

சரி, மைதானம். தேர் எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைவது என்று அந்தக் காலத்தில் வெட்டுக்குத்துவரை போயிருக்கிறது. அப்போது இருந்த சாமியார் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். ஏழு தெருப் பையன்களும் கால்பந்து விளையாட வேண்டும், ஜெயிக்கிற வரிசையில் தேர் நுழையும். அன்றிலிருந்து அடிதடி தெருவில் இல்லை, மைதானத்தில்.

ரைமண்ட் அண்ணன் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். ஸ்பெயின் நாட்டுத் துறைமுகமெல்லாம் இறங்கி வந்தவர். ஓய்வு பெற்று வந்ததும் கோவில் பங்குப் பேரவைக்குச் செயலாளர் ஆனார். அவர் கூட்டத்தில் எழுந்து சொன்னார்:

"இங்க ஏன் அடிச்சிக்கிறோம்? படிக்கட்டு இல்ல. எல்லாவனும் ஒரே படியில நின்னு இடிக்கிறோம். ஸ்பெயின்ல மேல்படியில இருபது கிளப்பு. வருஷக் கடைசியில மூணு கிளப்பு கீழ்ப்படிக்கு இறங்கணும், கீழ இருந்து மூணு ஏறும். அதுக்குக் கீழயும் படி, அதுக்குக் கீழயும் படி. ஏறணும்னு ஆசை, விழுந்துருவோம்னு பயம். எவனுக்கு அடிக்க நேரம்?"

"அங்கயும் அடிக்கிறானுவ, டிவியில பாத்தேன்" என்றார் யாரோ.

"அது வேற அடி" என்றார் ரைமண்ட் அண்ணன்.

பயத்தை வைத்து ஒரு நாடே விளையாடுகிறது என்று கேட்டதும் எனக்கு அந்த நாட்டின்மேல் ஒரு மரியாதை வந்தது. என்னை எல்லாரும் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். ஸ்பெயினில் பிறந்திருந்தால் நான் மேல்படியில் இருந்திருப்பேன்.

இன்னொரு சட்டமும் சொன்னார். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், இதுதான் பிறகு என் தலையில் விழுந்தது. பெரிய கிளப்புக்கெல்லாம் சின்னப் பையன்களை வைத்து இரண்டாவதாக ஓர் அணி இருக்குமாம். அக்காள் தங்கை மாதிரி. அக்காள் இருக்கிற படியில் தங்கை ஏறவே கூடாது. எவ்வளவு ஜெயித்தாலும் கீழேதான் நிற்க வேண்டும். அக்காள் வழுக்கித் தங்கை இருக்கிற படிக்கு வந்துவிட்டால், தங்கை இன்னும் ஒரு படி கீழே போக வேண்டும். ஆண்கள் யாருக்கும் புரியவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பெண்களுக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது. மூத்தவள் வீட்டில் இருக்கும்போது இளையவளைப் பெண் பார்க்க வருவார்களா? அதுதான்.

அந்த ஆடியில் கடல் ஏறி மைதானத்தைத் தின்றுவிட்டது. ஒரு கோல்போஸ்ட் மட்டும் தண்ணீருக்குள் நின்றது, மேலே ஒரு காக்கை. இனி தேருக்கு எப்படி வரிசை போடுவது என்று ஊரே கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது ரைமண்ட் அண்ணன் சொன்னார்:

"நமக்கு மைதானம் இல்ல. அவங்களுக்கு இருக்கு. அவங்க விளையாடட்டும்."

தெருவுக்கு ஒரு ஸ்பெயின் கிளப்பு. அங்கே அது நிற்கிற வரிசையில் இங்கே தேர் வரும். அங்கே கிளப்பு கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டால் இங்கே அந்தத் தெருவும் இரண்டாம் டிவிஷன். இரண்டாம் டிவிஷனுக்குள் தேர் வராது, முனையில் நின்று தீர்த்தம் தெளித்துவிட்டுப் போய்விடும். எல்லாரும் யோசித்துப் பார்த்தோம். குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பங்குச் சாமியார் புதியவர். பார்சிலோனா எந்தத் தெருவுக்கு என்று மட்டும் கேட்டார்.

சீட்டுக் குலுக்கினார்கள். பிஸ்கட் டின்னில் இருபது சீட்டு. ஆண்கள் எடுத்தால் அடி விழும் என்று தெருவுக்கு ஒரு பெண்ணை எடுக்கச் சொன்னார்கள். குருசடித் தெருவுக்கு நான். எடுத்துக் கொடுத்தேன். ரைமண்ட் அண்ணன் பிரித்துப் பார்த்தார்.

"ரியல் மாட்ரிட்" என்றார். "மெற்றில்டா, உன் கையில தங்கம்."

எங்கள் தெருப் பையன்கள் என்னைத் தூக்கப் பார்த்தார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். மற்ற ஆறு தெருவும் என்னையே பார்க்கிறது. அத்தனை கண். எனக்குப் பயம் வந்துவிட்டது டீச்சர். இத்தனை கண்ணேறு பட்ட கிளப்பு உருப்படுமா? "அண்ணே, இது எப்பவாவது இறங்கியிருக்கா?" என்று கேட்டேன். "இந்த நாள் வரைக்கும் இறங்கினதே இல்ல. அப்படி மூணே மூணு கிளப்புதான் ஸ்பெயின்லயே" என்றார். எனக்குப் பயம் இரண்டு மடங்கு ஆயிற்று. இதுவரை விழாத தென்னை என்றால் என்ன அர்த்தம், இனிமேல்தான் விழப்போகிறது என்றுதானே.

பக்கத்தில் கிளாடிஸ் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். கிணற்றடித் தெருவுக்கு அவள் எடுத்த சீட்டில் ஏதோ ஒரு சின்ன ஊர்க் கிளப்பு. மஞ்சள் சட்டை. அதன் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நான் பெயரைச் சொன்ன வாரமெல்லாம் தோற்றார்கள், அதனால் சொல்வதை நிறுத்திவிட்டேன். யாருக்கும் தெரியாத கிளப்பு. யாருக்கும் தெரியாது என்றால் யாருடைய கண்ணும் படாது. இதைவிடப் பாதுகாப்பு உண்டா?

"கிளாடிஸ், அழாதே. மாத்திக்கிடுவோம்" என்றேன்.

பிடுங்கினாள் பாருங்கள் சீட்டை, என் நகம் பெயர்ந்துவிட்டது.

எங்கள் தெருக்காரர்கள் பெருந்தன்மை தெரியாதவர்கள். அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசவில்லை. பால்காரர் பசுவை ஓட்டி வந்து கறக்கும்போது எதிர்வீட்டு பிரிசில்லா என்னைப் பார்த்து, "மாட்ரிட்ட வித்து மஞ்சப்பொடி வாங்கினவ" என்று பசுவிடம் சொல்வாள். நான் ஊருக்கே கண்ணேறு கழித்தவள். அது ஒருவருக்கும் தெரியவில்லை.

மற்ற தெருக்களுக்கு நல்ல காலம். வலைக்காரத் தெருவுக்குப் பில்பாவோ கிடைத்தது. அந்தக் கிளப்பு தன் மண்ணுக்காரனைத் தவிர ஒருவனையும் ஆட்டத்தில் சேர்க்காதாம். வலைக்காரத் தெருவில் வெளித்தெருவுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், அதனால் அவர்களுக்கு அது சம்பந்தி வீடு மாதிரி ஆகிவிட்டது. கிழக்குத் தெருவுக்கு அத்லெடிகோ. இரண்டு கிளப்புச் சட்டையிலும் ஒரே சிவப்பு வெள்ளைக் கோடு. இரண்டு தெருக்காரர்களும் சுவரில் அதே கோட்டைப் போட்டுவிட்டு, நீ என் கோட்டைத் திருடினாய் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சண்டை வராத ஏற்பாடு என்று ரைமண்ட் அண்ணன் சொன்னார் அல்லவா, அதுதான்.

ஆட்டம் தொடங்கியது. நான் பார்க்க மாட்டேன், மனசு தாங்காது. காலையில் மீன் ஏலத்துக்குப் போனால் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். கிணற்றடித் தெருக்காரர்கள் மலிவான சாளை மீனைக்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏலம் கேட்பார்கள். எங்கள் தெருக்காரர்கள் கூடையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கிளாடிஸ் என் பக்கத்தில் வந்து உட்காருவாள்.

"என்ன மைனி, மஞ்சளுக்கு நேத்தும் மூணு கோலு விழுந்துச்சாமே."

"விழட்டும். உடம்புக்கு ஒண்ணும் இல்லையே" என்பேன்.

"மாட்ரிட்டுல எங்க மைதானத்துப் பேரே சந்தியாகப்பர் பேரு மைனி. பின்ன எப்படித் தோப்போம்?"

அது யாரோ ஒரு மனுஷருடைய பெயர், அப்போஸ்தலருடையது இல்லை என்று ரைமண்ட் அண்ணன் எத்தனை தடவை சொல்லியும் அவள் விடவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது, மஞ்சள் கடைசியில். தவக்காலம் வந்தது, மஞ்சள் கடைசிக்கு முந்தினது. நாங்கள் செய்யாதது இல்லை. மஞ்சள் மெழுகுவர்த்தி, மஞ்சள் சேலை, வெள்ளிக்கிழமை ஒருசந்தி நோன்பு. அவர்களுடைய கோல்கீப்பருக்கு முழங்காலில் வலி என்று கேள்விப்பட்டு பிரிசில்லா வெள்ளியில் ஒரு கால் வாங்கிக் காணிக்கை போட்டாள். பிறகு வலி இடது காலா வலது காலா என்று சந்தேகம் வந்து இன்னொன்றும் போட்டோம்.

ஈஸ்டர் முடிந்தது. அப்போதும் கடைசி மூன்று பேருக்குள்தான் நிற்கிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. தேர் முனையில் நின்று தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவது தினமும் கண்ணில் வருகிறது. நான் மெழுகுவர்த்தியோடு நிற்கிறேன், ராயப்பருடைய முதுகுதான் தெரிகிறது. முகத்தைக் கண்டு பழகியவளுக்கு முதுகு எப்படிப் போதும்?

அன்றைக்குத்தான் பின்சுவரைப் பார்த்தேன். அந்தச் சுவருக்கு அந்தப்புறம் கிணற்றடித் தெரு. மாட்ரிட் தெரு. தேர் கண்டிப்பாக வருகிற தெரு. சுவர் யாருடையது? எங்களுடையது. சுவரில் ஒரு கதவு இருந்தால் அது யாருடைய வாசல்? எங்களுடைய வாசல்தானே?

கொத்தனார் ஏசுவடியானைக் கூப்பிட்டேன். "காத்து வரலண்ணே, ஒரு கதவு வைக்கணும்" என்றேன். என் வீட்டுக்காரரிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் பெயர் தொபியாஸ். நல்ல மனுஷர், யார் எதைக் கேட்டாலும் சரி என்பார். கடைசியாகக் கேட்டவருக்குத்தான் சரி, அது ஒன்றுதான் குறை. "காத்துதானே, சரி" என்றார்.

கதவு வந்தது. பச்சைப் பெயின்ட். வாசற்படி. படிக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி வைக்க ஒரு மாடம். காற்றுக்கு எதற்கு மாடம் என்று ஏசுவடியான் கேட்கவில்லை, நல்லவர். திறந்தேன். எதிரே கிளாடிஸ் இட்லி மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னையும் பார்த்தாள், மாடத்தையும் பார்த்தாள். கிரைண்டரை நிறுத்தினாள்.

"மைனி, இது என்ன?"

"காத்துக்கு."

"கிணத்தடித் தெருவுல தேரு வரும்போது உங்க காத்து மாடத்துல மெழுகுதிரியோட நிக்கும், இல்லையா?"

நான் கதவைச் சாத்திவிட்டேன். மாவு அரைக்கிறவர்களிடம் பேச்சு வளர்க்கக் கூடாது.

அவள் நேராக ரைமண்ட் அண்ணனிடம் போனாள். அவர் வந்து முன்னால் நின்று பார்த்தார், பின்னால் நின்று பார்த்தார், கூரை மோட்டைப் பார்த்தார். "ஒரே மோடு, ரெண்டு வாசல், ரெண்டு தெரு" என்றார். "இது அக்கா தங்கச்சிச் சட்டத்துல வருதே மெற்றில்டா. ஒரே வீடு ரெண்டு தெருவுலயும் இருந்தா, முன்வாசல் இருக்கற தெரு அக்கா, பின்வாசல் தெரு தங்கச்சி. ரெண்டும் ஒரே படியில நிக்கக் கூடாது."

எனக்கு முதலில் பயம் வரவில்லை டீச்சர், அதுதான் ஆச்சரியம். எங்கள் கிளப்புத்தான் எப்படியும் இறங்கப்போகிறதே. இறங்கிவிட்டால் குருசடித் தெரு கீழே, கிணற்றடித் தெரு மேலே. முன்வாசலைக் கிணற்றடிப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் அக்காள் மேலே, தங்கை கீழே. சட்டமும் சரி, தேரும் சரி. அன்று கொஞ்சம் சோறு இறங்கியது. மஞ்சள் சட்டை தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன் என்று பிரிசில்லா சொல்லித் திரிகிறாள். நான் அப்படி வேண்டவில்லை. அவர்களுக்கு ஓய்வு கொடும் ஆண்டவரே என்றுதான் வேண்டினேன்.

கடைசி ஆட்டம். விடிவதற்கு வெகு முன்பே கோவில் மணி அடிக்கிறது. அந்த நேரத்தில் மணி அடிக்க மாட்டார்களே, கடல் ஏறிவிட்டதோ என்று ஓடி வந்தால், எங்கள் தெருப் பையன்கள் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஆடுகிறார்கள். மஞ்சள் சட்டை ஜெயித்துவிட்டது. கடைசி நிமிஷத்தில் ஒரு கோலாம். முதல் டிவிஷனிலேயே நின்றுவிட்டார்கள். பிரிசில்லா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அவள் ஒரு காரணத்துக்கு அழுதாள், நான் வேறு காரணத்துக்கு.

ஏனென்றால் இப்போது இரண்டு தெருவும் மேல்படியில். நடுவில் என் வீடு. என் கதவு.

ரைமண்ட் அண்ணன் சட்டம் சட்டம்தான் என்றுவிட்டார். குருசடிப் பக்கம் முன்வாசல் என்றால் கிணற்றடித் தெரு தங்கை, மாட்ரிட்டோடு இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். கிணற்றடிப் பக்கம் முன்வாசல் என்றால், ஒரு வருஷம் நோன்பிருந்து காப்பாற்றிய எங்கள் தெரு இறங்க வேண்டும். சாமியார், "ரைமண்ட், இது கொஞ்சம் அதிகமில்லையா?" என்று கேட்டார். "சாமி, ஸ்பெயின்ல இப்படித்தான்" என்றார் அவர். சாமியார் அதற்குமேல் என்ன சொல்ல முடியும், அவர் ஸ்பெயின் போனதில்லை. எது முன்வாசல் என்று வீட்டுத் தலைவர் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும், அதுதான் முடிவு.

வீட்டுத் தலைவர் தொபியாஸ்.

நேற்று கிளாடிஸ் வந்து, "அண்ணே, கிணத்தடிப் பக்கந்தானே?" என்றாள். "சரிம்மா" என்றார். பிரிசில்லா வந்து, "குருசடிதானே?" என்றாள். "சரி" என்றார். பால்காரர்கூட வந்து கேட்டுவிட்டுப் போனார். அவருக்கும் சரி.

என்ன டீச்சர்? அந்தக் கதவை அடைத்துவிட்டால் தீர்ந்ததே என்கிறீர்களா? எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஏசுவடியான் இலவசமாகவே அடைத்துத் தருகிறேன் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடைத்துவிட்டு, வருகிற வருஷம் மஞ்சள் சட்டை இறங்கிவிட்டால்? அப்போது எந்த வாசலில் போய் நிற்பேன்? நீங்கள் படித்தவர், இவ்வளவு தூரம் யோசிக்கவில்லையே.

நான் யோசித்தேன். வீட்டுத் தலைவர் கூட்டத்துக்கு வரவில்லை என்றால் முடிவு கிடையாது. முடிவு இல்லை என்றால் இரண்டு தெருவும் மேலே. தேர் இரண்டு பக்கமும் வரும். அதனால் மத்தியானம் அவருக்குச் சோறும் நெத்திலிக் குழம்பும் எடுத்து வைத்தேன். சாயங்காலத்துக்குச் சுக்குக் காப்பி பிளாஸ்கில். டிவி ரிமோட் கைக்கு எட்டுகிற இடத்தில். அவர் படுத்ததும் குருசடிக் கதவை வெளியே பூட்டினேன். சுற்றிப் போய்க் கிணற்றடிக் கதவையும் வெளியே பூட்டினேன். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மணப்பாட்டில் அக்கா இருக்கிறாள், கூட்டம் கலைந்தபிறகு திரும்பிவிடுவேன். ராயப்பர் கையிலும் இரண்டு சாவிதான் டீச்சர், சொரூபத்தில் பார்த்திருப்பீர்கள். அவரை யாராவது எது முன்வாசல் என்று கேட்டார்களா?

என் போன்தான் அடிக்கிறது. தெரியும், கேட்கிறது. அவர்தான். தூங்கி எழுந்திருப்பார்.

எடுக்க மாட்டேன். எடுத்தால், எந்தக் கதவைத் தட்டட்டும் என்று கேட்பார்.